மரம் சாய்ந்து கார் நசுங்கினால் காப்புறுதி கிடைக்குமா? காற்று வீசியதா என்பதே முதல் கேள்வி

2024 மே 7-ஆம் தேதி பிற்பகல், கோலாலம்பூர் ஜாலான் சுல்தான் இஸ்மாயிலில் ஒரு பெரிய மரம் வேரோடு சாய்ந்து 17 வாகனங்களை நசுக்கியது. ஒருவர் உயிரிழந்தார். மோனோரயில் சேவையும் தடைபட்டது. அன்று எழுந்த கேள்வி, இப்போதும் ஒவ்வொரு பேய்மழைக்குப் பிறகும் எழுகிறது: "கம்ப்ரிஹென்சிவ் காப்புறுதி எடுத்திருக்கிறேனே, இதற்குப் பணம் கிடைக்காதா?"

கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். மரம் ஒன்றுதான், காரும் பாலிசியும் ஒன்றுதான். ஆனால் மரத்தைச் சாய்த்தது காற்றா, அடிமரத்தின் உளுப்பா என்பதைப் பொறுத்துப் பதில் மாறிவிடும். இது விளங்காததால்தான் பலர் கோரிக்கை நிராகரிக்கப்பட்ட பிறகு திகைத்து நிற்கிறார்கள். அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

மூன்று வகைப் பாலிசிகள்

1. தர்ட் பார்ட்டி: உங்கள் காரால் மற்றவருக்கு நேரும் காயம், மரணம், சொத்துச் சேதம் ஆகியவற்றுக்கு மட்டும். 1987-ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டம் கட்டாயமாக்குவது மற்றவரின் உயிருக்கும் உடலுக்குமான பாதுகாப்பை. உங்கள் கார் நசுங்கினால் இதில் ஒரு காசும் வராது.

2. தர்ட் பார்ட்டியுடன் தீ, திருட்டு: கார் எரிந்தாலோ களவு போனாலோ உண்டு. மரம் விழுந்தால் இல்லை.

3. கம்ப்ரிஹென்சிவ்: மேலே சொன்னவற்றோடு உங்கள் சொந்தக் காரின் சேதத்தையும் ஏற்கும். வங்கிக் கடனில் வாங்கிய கார்களுக்கு வங்கிகள் கேட்பது இதைத்தான்.

தக்காஃபுல் எனப்படும் இஸ்லாமிய முறைக் காப்புறுதித் திட்டங்களிலும் அமைப்பு ஏறக்குறைய இதுவே. இனி பேசுவதெல்லாம் மூன்றாவது வகையைப் பற்றி.

கம்ப்ரிஹென்சிவ் எதை ஏற்கிறது, எதை விலக்குகிறது

மலேசியாவில் பரவலாக உள்ள பாலிசி வாசகம், எந்தெந்தக் காரணத்தால் சேதம் வந்தால் பணம் தரப்படும் என்று பட்டியல் போடுகிறது. மோதல், கவிழ்தல், தீ, வெடிப்பு, மின்னல், திருட்டு, வேண்டுமென்றே பிறர் செய்யும் சேதம் ஆகியவை அதில் உண்டு. பினாங்குத் தீவுக்கும் பெருநிலத்துக்கும் இடையிலான கடல்வழியில் கார் ஏற்றிச் செல்லப்படும்போது நேரும் சேதம்கூடத் தனியாக எழுதப்பட்டிருக்கிறது. ஃபெர்ரியில் கார் ஏற்றிப் போன காலத்தின் தடம் அது.

அதே பட்டியலில்தான் நமக்கு வேண்டிய வரியும் இருக்கிறது: மேலிருந்து விழும் பொருளால் ஏற்படும் சேதம். ஆனால் அந்த வரியோடு ஒரு நிபந்தனை ஒட்டிக்கொண்டிருக்கிறது. இயற்கைச் சீற்றம் எதுவும் அதில் சம்பந்தப்பட்டிருக்கக் கூடாது.

இயற்கைச் சீற்றம் என்பதற்குள் பாலிசி அடக்குபவை வெள்ளம், புயல், சூறாவளி, நிலநடுக்கம், எரிமலை வெடிப்பு, நிலச்சரிவு, மண் உள்வாங்குதல் முதலியவை. காற்றில்லாத பகல்வேளையில் உளுத்துப்போன மரம் தானாக முறிந்து விழுந்தால், அது விழும் பொருள். சாதாரணக் கம்ப்ரிஹென்சிவ் பாலிசியே போதும். அதே மரம் சூறைக்காற்றில் விழுந்தால் நிபந்தனை குறுக்கே வந்து நிற்கும்.

மின்னலுக்கு இந்தத் தடை இல்லை. நிறுத்தியிருந்த காரை மின்னல் தாக்கினால், தீயோடு சேர்த்து அடிப்படைப் பாலிசியே ஏற்கிறது. ஒரே இடிமழையில் மின்னலுக்குப் பாதுகாப்பு உண்டு, காற்றுக்கு இல்லை என்பது படிப்பவர்க்கு வியப்பாக இருக்கும். ஆனாலும் வாசகம் அப்படித்தான்.

ஸ்பெஷல் பெரில்ஸ்: விடுபட்டதைச் சேர்க்கும் இணைப்பு

விலக்கப்பட்ட இயற்கைச் சீற்றங்களைப் பாலிசிக்குள் கொண்டுவரும் கூடுதல் இணைப்புக்கு ஸ்பெஷல் பெரில்ஸ் என்று பெயர். பாலிசித் தாளில் இணைப்பு எண் 57 என்று குறிக்கப்பட்டிருக்கும். உங்கள் தாளில் அந்த எண்ணோ பெயரோ இருக்கிறதா என்று பார்ப்பதுதான் எல்லாவற்றுக்கும் முதல் வேலை.

இதற்கான கூடுதல் சந்தா பொதுவாகக் காப்புறுதித் தொகையில் 0.2 முதல் 0.5 விழுக்காடு வரை. 60,000 ரிங்கிட்டுக்குக் காப்புறுதி செய்த காருக்கு ஆண்டுக்கு 120 முதல் 300 ரிங்கிட், அதோடு 8 விழுக்காடு சேவை வரி.

2017 ஜூலை முதல் கம்ப்ரிஹென்சிவ் சந்தாவை நிறுவனங்களே நிர்ணயிக்க வழி திறக்கப்பட்டது. அதன் பிறகு நிறுவனத்துக்கு நிறுவனம் விலையும் வாசகமும் வேறுபடுகின்றன. வெள்ளத்துக்கு மட்டும் ஓர் உச்ச வரம்போடு தரும் குறுகிய திட்டங்களும் விற்கப்படுகின்றன. "ஸ்பெஷல் பெரில்ஸ் இருக்கிறதா?" என்று மட்டும் கேட்டுவிட்டு நிறுத்தாதீர்கள். "முழுத் தொகைக்கா, வரம்போடா? புயலும் மரமும் சேருமா?" என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

ஆண்டுதோறும் காப்புறுதியைப் புதுப்பிக்கும்போது முகவரிடமோ அஞ்சலகத்திலோ இணையத்திலோ, "போன வருஷம் போலவே" என்று சொல்லி முடித்துவிடுகிறோம். போன ஆண்டு இந்த இணைப்பு இல்லையென்றால் இந்த ஆண்டும் இருக்காது. இதை வாடிக்கையாளர் கேட்டுப் பெற வேண்டிய கூடுதல் வசதியாக வைக்காமல், வேண்டாம் என்பவர் எழுதிக் கொடுத்து விலகும் வகையில் முதலிலேயே சேர்த்து வைப்பதுதான் இந்நாட்டுத் தட்பவெப்பத்துக்கு நியாயம் என்பது என் கருத்து.

காரணம், இது அரிதாக வரும் ஆபத்தல்ல. ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் பருவக்காற்று மாறும்போது கிள்ளான் பள்ளத்தாக்கில் மாலை நேர இடிமழை வாடிக்கை. தென்மேற்குப் பருவத்தில் சுமத்ரா பக்கமிருந்து வரும் சூறைக்காற்று விடியற்காலையில் மேற்குக் கரையை அறையும், பினாங்கு உட்பட. 2017 நவம்பர் 4, 5 தேதிகளில் பினாங்கில் பெய்த மழையிலும் காற்றிலும் 7 பேர் இறந்தார்கள். மரங்கள் சாய்ந்தன, கார்கள் மூழ்கின. 2021 டிசம்பரில் ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடாவில் வீட்டு வாசலில் நிறுத்தியிருந்த கார்களே நீருக்குள் போயின. கார் கடன் 9 ஆண்டுவரை நீளக்கூடிய நாட்டில், கார் அழிந்த பிறகும் தவணை மட்டும் தொடரும் நிலை ஒரு குடும்பத்தை என்ன செய்யும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

சில நிலைமைகள், பாலிசி சொல்லும் பதில்கள்

1. பாலிக் பூலாவ் தோட்டத்தில் காற்றே இல்லாத இரவில் டுரியான் பழம் கழன்று காரின் கூரை மேல் விழுந்தது. விழும் பொருள். அடிப்படைப் பாலிசி ஏற்கும்.

2. செந்தூலில் பலத்த காற்றில் பக்கத்து வீட்டுத் தகரக் கூரை பறந்து வந்து கார் மேல் விழுந்தது. ஸ்பெஷல் பெரில்ஸ் வேண்டும்.

3. பிரிக்ஃபீல்ட்ஸில் அடுக்குமாடியின் நிலத்தடி நிறுத்துமிடத்தில் நீர் புகுந்து கார் மூழ்கியது. வெள்ளம்; ஸ்பெஷல் பெரில்ஸ் வேண்டும். வடிகால் அடைத்திருந்தது நிர்வாகத்தின் தவறு என்றால் அது அவர்கள்மேல் தனி வழக்கு. உங்கள் பாலிசியின் பதிலை மாற்றாது.

4. ஆலங்கட்டியோ கிளையோ பட்டுக் கண்ணாடி மட்டும் உடைந்தது. கண்ணாடிக்கான தனி இணைப்பு, எண் 89, இருக்கிறதா பாருங்கள். இதில் கோரினால், கோரிக்கை இல்லாத ஆண்டுகளுக்குக் கிடைக்கும் என்.சி.டி. சந்தாக் கழிவு போகாது.

5. கட்டடத்தின் பகுதி விழுந்தது. 2013 ஜூன் 13-இல் பினாங்கு ஜாலான் மெக்கலிஸ்டரில் இடிமழையின்போது உயரமான கட்டடத்தின் உச்சியிலிருந்த மின்னல் தடுப்புக் கம்பம் சரிந்து, கீழே இருந்த கார்கள் நசுங்கின, உயிரும் போனது. இப்படிப்பட்ட நேர்வில் இரண்டு கேள்விகள் எழும். உங்கள் பாலிசியில் காற்றுக்குப் பாதுகாப்பு உண்டா என்பது ஒன்று. கட்டடத்தைக் கட்டியவர், பராமரித்தவர் யாரேனும் பொறுப்பாவாரா என்பது மற்றொன்று.

காற்றா, உளுப்பா: யார் முடிவு செய்வது?

கோரிக்கை வந்ததும் காப்புறுதி நிறுவனம் ஓர் அட்ஜஸ்டரை, அதாவது சேத மதிப்பீட்டாளரை, அனுப்பலாம். அவர் காரைப் பார்ப்பார், போலீஸ் புகாரைப் படிப்பார், அந்த நேரத்து வானிலையை விசாரிப்பார். மலேசிய வானிலை ஆய்வுத் துறை வெளியிட்ட இடிமழை எச்சரிக்கை இருந்தால் அது கோப்பில் சேரும்.

நடைமுறையில் மழை பெய்த நாளில் மரம் விழுந்தால் "புயல்" என்று எழுதிவிடுவது எளிது. ஆனால் மழை வேறு, புயல் வேறு. தூறலில் விழுந்த மரத்தின் அடி முழுக்கப் பொந்தாக இருந்தால், அதை விழச் செய்தது காற்று என்று எப்படிச் சொல்வது? பக்கத்தில் நின்ற பத்து மரங்களில் ஓர் இலைகூட உதிராமல் இது மட்டும் விழுந்திருந்தால்? காப்புறுதிச் சட்டத்தின் பொது விதிப்படி, சேதம் பாலிசிக்குள் வருகிறது என்று காட்ட வேண்டியது வாடிக்கையாளர். விலக்கைக் காரணம் காட்டி மறுக்கும் நிறுவனம், அந்த விலக்கு பொருந்துகிறது என்று நிறுவ வேண்டும். ஆகவே சான்று யாரிடம் இருக்கிறது என்பதே பல நேரங்களில் முடிவைத் தீர்மானிக்கும்.

மரமோ சில மணி நேரத்தில் போய்விடும். தீயணைப்பு மீட்புப் படையும் மாநகர் மன்ற ஊழியர்களும் சாலையைத் திறக்க மரத்தை அறுத்து லோரியில் ஏற்றிவிடுவார்கள். அதற்குமுன் எடுக்கப்படாத படத்தைப் பிறகு எங்கும் எடுக்க முடியாது.

முதல் நாளில் செய்ய வேண்டியவை

1. உயிர் முதலில். மின்கம்பி அறுந்து கிடக்கிறதா, இன்னொரு கிளை தொங்குகிறதா என்று பாருங்கள். காரை நெருங்கும் அவசரம் வேண்டாம்.

2. படம் எடுங்கள். காரை மட்டுமல்ல: மரத்தின் அடி, முறிந்த இடத்தின் உட்புறம், வேர், சுற்றியுள்ள மரங்கள், சாலைப் பெயர்ப் பலகை, கார் நின்ற கோடு. அக்கம்பக்கத்துக் கடையின் கேமராப் பதிவும், மற்ற கார்களின் முன்கேமராப் பதிவும் பழைய காட்சிகள் மேல் புதியவை பதிந்து அழிந்துவிடும். அன்றே கேளுங்கள்.

3. வெள்ளத்தில் நின்ற காரை ஸ்டார்ட் செய்யாதீர்கள். எஞ்சினுக்குள் நீர் புகுந்திருந்தால், சாவியைத் திருகும் அந்த ஒரு நொடியில் பழுது பலமடங்காகும். அந்தக் கூடுதல் சேதம் உங்களால் வந்தது என்ற வாதத்துக்கும் இடம் கொடுத்துவிடுவீர்கள்.

4. 24 மணி நேரத்துக்குள் போலீஸ் புகார் செய்யுங்கள். கண்ணால் கண்டதை மட்டும் சொல்லுங்கள். "ஆறு மணிக்கு நிறுத்தினேன், எட்டு மணிக்கு வந்தபோது மரம் கார் மேல் கிடந்தது" என்பது உங்களுக்குத் தெரிந்த உண்மை. விழுந்ததை நீங்கள் பார்க்கவில்லை என்றால், அதைச் சாய்த்தது எது என்று நீங்களே முடிவு கட்டி எழுத வேண்டியதில்லை. புகார் மலாயில் பதிவாவதால், கையெழுத்திடும் முன் வாசித்துப் பாருங்கள்; நீங்கள் சொல்லாத "ரிபுட்" (புயல்) என்ற சொல் அதில் நுழைந்திருந்தால் திருத்தச் சொல்லுங்கள். புயலைக் கண்ணால் பார்த்திருந்தால் அதை மறைப்பதும் தவறு. பொய்த் தகவல் கோரிக்கையையே கவிழ்த்துவிடும்.

5. காப்புறுதி நிறுவனத்தின் அவசர எண்ணை நீங்களே அழையுங்கள். சம்பவ இடத்துக்கு அழைக்காமல் வந்து நிற்கும் இழுவை வண்டிக்குக் கார் சாவியைக் கொடுக்காதீர்கள். கார் எந்தப் பட்டறைக்குப் போகிறதோ அங்கே கட்டணமும் இழுபறியும் தொடங்கும். நிறுவனம் அங்கீகரித்த பட்டறைக்கே கார் போகட்டும்.

6. எழுத்துமூல அறிவிப்புக்கு வழக்கமான பாலிசி தரும் அவகாசம் 7 நாள். பழுது பார்ப்பது அதன் பிறகுதான். நிறுவனம் பார்வையிட்டு ஒப்புதல் தருமுன் ஒரு கதவைக்கூட மாற்ற வேண்டாம்.

கோரிக்கை ஏற்கப்பட்டாலும் கையிலிருந்து போகும் பணம்

பணம் முழுவதும் வந்துவிடும் என்று எண்ணியவர்களுக்கு அடுத்த ஏமாற்றம் இங்கே.

முதலாவது என்.சி.டி., அதாவது கோரிக்கை இல்லாத ஆண்டுகளுக்குக் கிடைக்கும் சந்தாக் கழிவு. தனியார் கார்களுக்கு இது 25, 30, 38.33, 45, 55 விழுக்காடு என்று ஏறும். சொந்தச் சேதத்துக்குக் கோரினால் பொதுவாகப் பூச்சியத்துக்கு இறங்கும். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அடிப்படைச் சந்தா 2,000 ரிங்கிட், கழிவு 55 விழுக்காடு என்றால் நீங்கள் கட்டுவது 900. கோரிக்கைக்கு அடுத்த புதுப்பிப்பில் கட்டுவது 2,000. பிறகு ஆண்டுக்கு ஆண்டு 1,500, 1,400, 1,233, 1,100 என்று இறங்கி, ஆறாவது புதுப்பிப்பில்தான் பழைய 900-க்குத் திரும்புவீர்கள். அதுவரை கூடுதலாகக் கட்டியது மொத்தம் ஏறக்குறைய 2,733 ரிங்கிட். பழுதுச் செலவு 1,500 ரிங்கிட் என்றால், கோரிக்கை வைக்காமல் கைக்காசைப் போட்டுச் சரிசெய்வதே லாபம். 15,000 என்றால் யோசிக்கவே வேண்டாம், கோருங்கள். உங்கள் சந்தாவை வைத்து இதே கணக்கை ஒரு தாளில் போட்டுவிட்டுப் படிவத்தில் கையெழுத்திடுங்கள். உங்கள் நிறுவனம் ஸ்பெஷல் பெரில்ஸ் கோரிக்கைக்கு என்.சி.டி.-யை எப்படிக் கையாளுகிறது என்பதையும் அப்போதே கேளுங்கள்.

இரண்டாவது, பழைய காருக்குப் புதிய உதிரிப்பாகம் போடும்போது உரிமையாளர் ஏற்க வேண்டிய பங்கு. பட்டறைகளில் இதை பெட்டர்மென்ட் என்பார்கள். பழக்கத்தில் உள்ள அட்டவணைப்படி 5 ஆண்டான காருக்கு 15 விழுக்காடு. ஆண்டுக்கு 5 விழுக்காடு கூடி, 10 ஆண்டும் அதற்கு மேலும் என்றால் 40 விழுக்காடு. 8 ஆண்டு ஓடிய காருக்கு 4,000 ரிங்கிட் பாகங்கள் போட்டால் 1,200 ரிங்கிட் உங்களுடையது. இதைத் தள்ளுபடி செய்யும் கூடுதல் இணைப்பைச் சில நிறுவனங்கள் விற்கின்றன.

மூன்றாவது, சந்தாவைக் குறைக்கக் காரின் மதிப்பைக் குறைத்துக் காட்டியவர்களுக்கு. சந்தை விலையில் 90 விழுக்காட்டுக்கும் குறைவாகக் காப்புறுதி செய்திருந்தால் இழப்பீடும் அதே விகிதத்தில் வெட்டப்படும். 60,000 ரிங்கிட் காரை 45,000-க்குக் காப்புறுதி செய்து, 8,000 ரிங்கிட் சேதம் நேர்ந்தால் கிடைப்பது 6,000.

கார் முற்றாக அழிந்தால், கடன் உள்ளவரை பணம் முதலில் வங்கிக்குப் போகும். மிஞ்சினால்தான் உங்களுக்கு.

மரத்தின் சொந்தக்காரரிடம் கேட்கலாமா?

ஸ்பெஷல் பெரில்ஸ் இல்லாதவர்களுக்கு மிஞ்சும் வழி இது. கடினமான வழிதான், ஆனால் மூடப்பட்ட வழி அல்ல.

முதலில் மரம் யாருடையது என்று கண்டறியுங்கள். கோலாலம்பூர்ச் சாலையோரம் என்றால் பெரும்பாலும் கோலாலம்பூர் மாநகர் மன்றம். பினாங்குத் தீவில் பினாங்கு மாநகர் மன்றம், பெருநிலத்தில் செபராங் பிறை மாநகர் மன்றம். கூட்டரசுச் சாலைகள் பொதுப்பணித் துறையின் பொறுப்பு. அடுக்குமாடி வளாகத்துக்குள் என்றால் அதன் கூட்டு நிர்வாகம். தனியார் நிலத்தில் நின்ற மரம் என்றால் நில உரிமையாளர்.

மரம் அவர்களுடையது என்பதாலேயே பணம் வந்துவிடாது. கவனக்குறைவை நிறுவ வேண்டும். யாராலும் தடுக்க முடியாத இயற்கைச் செயல் என்று அவர்கள் வாதிடுவார்கள். அதற்கு எதிரான வலுவான சான்று, மரம் ஆபத்தில் இருந்தது அவர்களுக்கு முன்பே தெரியும் அல்லது தெரிந்திருக்க வேண்டும் என்பதுதான். யாராவது முன்பே புகார் செய்தார்களா? அடியில் காளான் படர்ந்திருந்ததா? அருகே வடிகால் தோண்டும்போது வேரை வெட்டினார்களா? ஜார்ஜ் டவுன் சாலைகளில் வயதான தூங்குமூஞ்சி மரங்கள் நிற்கும் இடங்களில் குடியிருப்பவர்கள், சாயும் மரத்தைக் கண்டால் வாய்மொழியாகச் சொல்லிவிட்டுப் போகாமல் புகார் எண்ணோடு பதிவு செய்ய வேண்டும். முதலாவதாக அது உயிரைக் காக்கும். காப்பாற்ற முடியாமல் போனால், பாதிக்கப்பட்டவரின் கையில் ஆவணமாக இருக்கும்.

காற்று பற்றிய சான்று இரு பக்கமும் வெட்டும் என்பதைக் கவனியுங்கள். புயலில்தான் விழுந்தது என்றால் ஸ்பெஷல் பெரில்ஸ் கோரிக்கைக்கு உதவும். மாநகர் மன்றத்துக்கு எதிரான வழக்கைத் தளர்த்தும். உளுத்து விழுந்தது என்றால் அடிப்படைப் பாலிசிக்கும் வழக்குக்கும் ஒருசேர உதவும். மரத்தின் அடியைப் படமெடுங்கள் என்று அத்தனை அழுத்திச் சொன்னது இதனால்தான்.

பொதுத்துறை அமைப்புகள்மேல் வழக்குத் தொடர 1948-ஆம் ஆண்டு பொது அதிகாரிகள் பாதுகாப்புச் சட்டம் 36 மாதக் கெடு வைக்கிறது. 5,000 ரிங்கிட் வரையிலான தொகையை வழக்கறிஞர் இல்லாமலே மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தின் சிறு கோரிக்கைப் பிரிவில் கேட்கலாம். காப்புறுதி நிறுவனம் உங்களுக்கு இழப்பீடு கொடுத்துவிட்டால், அந்தத் தொகையை மரத்தின் உரிமையாளரிடமிருந்து மீட்கும் உரிமை நிறுவனத்துக்குப் போகும். ஒரே சேதத்துக்கு இரு இடத்தில் பணம் பெற முடியாது.

நிராகரித்தால்

மறுப்பை எழுத்தில், எந்தப் பிரிவின்படி என்ற விவரத்தோடு கேட்டு வாங்குங்கள். அதன் பிறகு நிறுவனத்தின் புகார்ப் பிரிவுக்கு எழுதுங்கள். இறுதிப் பதிலும் திருப்தி தராவிட்டால், 2025 ஜனவரி 1 முதல் இயங்கும் ஃபைனான்ஷியல் மார்க்கெட்ஸ் ஓம்பட்ஸ்மன் சர்வீஸ் என்ற அமைப்பை நாடலாம். முன்பிருந்த நிதிச் சேவை ஓம்பட்ஸ்மன் அமைப்பும் முதலீட்டுத் தகராறுகளைக் கவனித்த அமைப்பும் இணைந்து உருவானது அது. 250,000 ரிங்கிட் வரையிலான காப்புறுதித் தகராறுகளை, புகார் செய்பவரிடம் கட்டணம் வாங்காமல் விசாரிக்கிறது. நிறுவனத்தின் இறுதி முடிவு வந்த 6 மாதத்துக்குள் போக வேண்டும்.

அங்கே விசாரணை நடப்பதால் மாநகர் மன்றத்துக்கு எதிரான 36 மாதக் கெடு நின்றுவிடாது. காப்புறுதி நிறுவனத்தோடு கடிதப் போக்குவரத்து நடக்கும்போதே, மரத்தின் உரிமையாளருக்கும் படங்களையும் போலீஸ் புகாரின் நகலையும் இணைத்து முதல் கடிதத்தை அனுப்பிவிடுங்கள்.